ஹாலுக்கு வந்த காடி ஆம்ப்ளிஃபையர்

என் மனைவிக்குக் குரல் ஒண்ணும் குயில் இல்ல. இத அவ மூஞ்சிக்கு நேராவே சொல்லி நான் அடி வாங்கியிருக்கேன். சுருதி ஒரு பக்கம் போகும், இவ ஒரு பக்கம் போவா. அவளுக்கே அது தெரியும். சின்ன வயசுல அவ அக்காமாருங்க "தகர டப்பா உருளுது, யாராச்சும் போய்ப் பாருங்க"ன்னு கிண்டல் பண்ணிப் பண்ணியே வாய மூட வச்சிட்டாங்க. அதனால வீட்டுல பாட மாட்டா, கோயில்ல பாட மாட்டா. பஜனையில எல்லாரும் தொண்ட கிழியப் பாடுறப்போ இவ கை மட்டும் தட்டுவா. அவ பாடுறது ஒரே ஒரு எடத்துல தான். காடியில, அதான் எங்க காருல, நான் ஓட்டிக்கிட்டு இருக்கணும், அவ எனக்கு இடது பக்கத்துல உக்காந்திருக்கணும், பாட்டு காது கிழியிற மாதிரிப் போகணும். அப்ப தான் அந்தச் சத்தத்துக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டுப் பாடுவா.

அந்தக் குரல் போயிடுச்சு. ஒரு நாள் காலையில நான் பசியாற தோசை சுட்டுக்கிட்டு இருந்தவ, கரண்டியக் கீழ போட்டுட்டு அடுப்புப் பக்கத்துலயே சரிஞ்சா. ஸ்ட்ரோக். வலது கையும் காலும் விழுந்துச்சு, பேச்சும் போச்சு. அன்னையில இருந்து அவ வாயில ஒரு வார்த்த வரல. நாம சொல்றது எல்லாம் புரியுது, பதில் தான் வராது. கண்ணால சொல்லுவா, இடது கையால காட்டுவா. சில நேரம் என்ன கேக்குறான்னு எனக்கு விளங்காது. தண்ணியக் கொண்டாந்தா தலைய ஆட்டுவா, போர்வையக் கொண்டாந்தா தலைய ஆட்டுவா. அவளுக்குக் கோவம் வரும், எனக்கும் கோவம் வரும். ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காந்திருப்போம். சண்ட போடக் கூட வழியில்லாத வாழ்க்கை என்ன வாழ்க்கை, சொல்லுங்க.

சிகாமட் ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி குடுக்கிறது ஒரு மலாய்க்காரப் பொண்ணு. நல்ல பொண்ணு, எங்கள மாமா, அத்தைங்கிற மாதிரி பக்சிக், மக்சிக்னு தான் கூப்பிடும். "பக்சிக், பேச முடியாத சில பேருக்குப் பாட வரும். மூளையில பேச்சு இருக்கிற எடம் வேற, பாட்டு இருக்கிற எடம் வேற. மக்சிக் பாடுவாங்களா?"ன்னு கேட்டுச்சு. பாடுவா, ஆனா காடியில மட்டும் தான்னு சொன்னேன். அது சிரிச்சிடுச்சு. "அப்ப அந்தப் பாட்டெல்லாம் போட்டு விடுங்க. கூடவே பாட வந்தா, அதப் புடிச்சு அப்புறம் வார்த்தைய இழுத்துடலாம். ஆனா சீக்கிரம் வரணும் பக்சிக், நாள் ஆக ஆக கஷ்டம்"ன்னுச்சு. இந்தக் கடைசி வார்த்தைய அது மெதுவாத் தான் சொல்லுச்சு. எனக்கு அது மட்டும் தான் வீடு வர்ற வரைக்கும் காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

வந்த ஒடனே ஃபோன்ல பாட்டப் போட்டு அவ காதுகிட்ட வச்சேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. சிங்கப்பூர்ல வேல செய்யிற எங்க மக, வந்தப்போ ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கிட்டு வந்துச்சு. சம்பல் டப்பா அளவு இருந்துச்சு. அதுலயும் போட்டோம். கேட்டா, கண்ண மூடிக் கேட்டா, ஆனா வாய் இறுக மூடியே இருந்துச்சு. மக அவள முன் சீட்டுல உக்கார வச்சு, தன் காடியில பாட்டப் போட்டு லாபிஸ் டவுன சுத்தியும் பாத்துச்சு. மக ஓட்டுறப்போ எப்படிப் பாடுவா? பெத்த பிள்ள முன்னால கூட அவ பாடினதே இல்ல.

எனக்குப் புரிஞ்சிடுச்சு. பாட்டுக்குக் குறை இல்ல, சத்தத்துக்குத் தான் குறை. ஒளிஞ்சுக்க எடம் இல்லாம அவ எப்படி வெளிய வருவா?

ஒளிஞ்சுக்க எடம்னா, பாட்டுச் சத்தத்தப் பெருசாக்குற அந்த ஆம்ப்ளிஃபையர் தான். அத நான் காடியில மாட்டினப்போ அவ என்னைத் திட்டின திட்டு கொஞ்சமில்ல. அப்ப நாங்க தினமும் லாபிஸ்ல இருந்து சிகாமட் போவோம். அவ ஒரு பள்ளிக்கூட கேன்டீன்ல சமையல், நான் அதுக்கு அந்தாண்ட ஒரு செம்பனை எண்ணெய் மில்லுல ஃபிட்டர். "கூரை ஒழுகுது, உங்களுக்கு டங்கு டங்குன்னு பாட்டு கேக்குதோ?"ன்னு வீட்டுல ஆரம்பிச்சவ, காடியில ஏறியும் நிறுத்தல. நான் வாயத் தொறக்காம சாவியத் திருப்பினேன். ஆம்ப் உசுரு வர்றப்போ ஸ்பீக்கர்ல 'தொப்'புன்னு ஒரு சத்தம் வரும். வந்துச்சு. அப்புறம் பாட்டு வந்துச்சு. கண்ணாடி அதிருது. பெரிய ரோட்டுச் சடக்கு நேராச்சு, ரெண்டு பக்கமும் செம்பனை மரம், முன்னால லோரி. ஓரக்கண்ணால பாக்குறேன், திட்டிக்கிட்டு வந்தவளோட உதடு அசையுது. ஆணும் பொண்ணும் மாத்தி மாத்திப் பாடுற பாட்டு. பொம்பளக் குரலும் இவளே, ஆம்பளக் குரலும் இவளே!

சட்டுன்னு சத்தத்தக் குறைச்சேன். அர நிமிஷம் கூட இல்ல, அந்தத் தகர டப்பாக் குரல் நடுவுல மாட்டிக்கிச்சு. அலமாக்! டக்குன்னு வாய மூடிக்கிட்டு, என் கையில பட்டுன்னு ஒரு அடி. "கேட்டீங்களா?"ன்னா. "நான் ஒண்ணும் கேக்கலயே"ன்னேன். "பொய்யி"ன்னா. சத்தத்த மறுபடி ஏத்தச் சொல்லிக் கைய காட்டினா.

அப்புறம் அது எங்களுக்குத் தினப்படி வெளையாட்டு. 'தொப்'புன்னு கேட்டதும் பெல்ட்ட இழுத்து மாட்டிக்குவா. சடக்குல ஏறினதும் பாடுவா. நான் திருட்டுத்தனமாக் குறைப்பேன். அவ அடிப்பா. நான் கேக்கலன்னு சாதிப்பேன். மக பொறந்து, படிச்சு, சிங்கப்பூருக்குப் போன வரைக்கும் இது நடந்துச்சு. எங்க கல்யாணத்துல சந்தோஷம் எங்க இருந்துச்சுன்னு யாராவது கேட்டா, அந்தச் சடக்குல இருந்துச்சுன்னு தான் சொல்லுவேன்.

அந்தக் காடி இப்ப இல்ல. அவ ஆஸ்பத்திரியில கெடந்தப்போ நான் சிகாமட்ல என் தங்கச்சி வீட்டுல தங்கியிருந்தேன். மழை புடிச்சு, ஆத்துத் தண்ணி ஏறி, தங்கச்சி வீட்டு வாசல்ல நிறுத்தியிருந்த காடிய சீட்டு வரைக்கும் முக்கிடுச்சு. பட்ட காலிலே படும்னு சும்மாவா சொன்னாங்க. வேற காடி வாங்கலாம்னா, எனக்கும் சர்க்கரை கண்ணுல ஏறிடுச்சு, இனிமே ஓட்டவே கூடாதுன்னுட்டாங்க. பழைய இரும்புக்காரன் இழுத்துட்டுப் போக வந்தப்போ, கொஞ்சம் பொறுப்பான்னு சொல்லிட்டு, பின் சீட்டு முதுகுல மாட்டியிருந்த ஆம்பையும், பின் கண்ணாடிக்குக் கீழ இருந்த ரெண்டு முட்ட வடிவ ஸ்பீக்கரையும் கழட்டி வச்சுக்கிட்டேன். அதுங்க தண்ணிக்கு மேல இருந்ததால தப்பிச்சதுங்க. எதுக்குக் கழட்டினேன்னு அப்ப எனக்கே தெரியல. தெரிஞ்சதும், ஒரு பையில போட்டு பஸ் ஏறி, மொதல்ல அத மாட்டிக் குடுத்த சீனன் கடைக்கே கொண்டு போனேன்.

அவன் பையத் தொறந்து பாத்துட்டு மலாய்ல, "அண்ணே, இது காடிக்கு உள்ளது லா. வீட்டுக் கரண்டுல சொருகினா வெடிக்கும். இதுக்குக் காடி பேட்டரி மாதிரி பன்னெண்டு வோல்ட் வேணும், அதுவும் அள்ளி அள்ளிக் குடுக்கணும். குடுக்க முடியலன்னா செவப்பு விளக்க எரிய விட்டு தன்னால நின்னுடும். எதுக்கு இந்தத் தொல்லை, வீட்டுக்குன்னு இருக்கிற ஆம்ப் ஒண்ணு எடுத்துக்கோ"ன்னான். நல்லதுக்குத் தான் சொன்னான். எனக்குத் தான் சுர்ருன்னு ஏறிடுச்சு. "எனக்கு வேற சத்தம் வேணாம், இந்தச் சத்தம் தான் வேணும்"னு கத்திட்டு வந்துட்டேன். அந்த 'தொப்'பு முதல்கொண்டு வேணும்னு அவன்கிட்ட எப்படிச் சொல்றது?

மொதல்ல வைஃபை பெட்டியோட அடாப்டரக் கழட்டிக் குடுத்துப் பாத்தேன். அதுவும் பன்னெண்டு வோல்ட் தானே. யானைப் பசிக்குச் சோளப்பொரி. பாட்டுல மேளம் ஒரு தட்டு தட்டினதும் செவப்பு விளக்கு. அப்புறம் ஒரு காடி பேட்டரிய வாங்கி ஹால்ல சோபாவுக்குப் பக்கத்துல வச்சேன். நல்லாத் தான் பாடுச்சு, கொஞ்ச நேரத்துல செத்துடுச்சு. வீட்டுக்குள்ளயே சார்ஜ் போட்டேன், அழுகின முட்ட நாத்தம். மக ஃபோன்ல கேட்டுட்டு, "அப்பா, அம்மா பக்கத்துல அத வச்சு சார்ஜ் போடுறீங்களா? அந்தக் காத்துல ஒரு நெருப்புப் பொறி பட்டா போதும், வீடு பத்திக்கும்!"னு அழாத குறையாக் கத்துச்சு. அதையும் தூக்கி வெளிய வச்சேன்.

கடைசியில மக படிக்கிறப்போ வாங்கின கம்ப்யூட்டர் தான் கை குடுத்துச்சு. ஸ்டோர்ல தூசியோட கெடந்தத எறக்கி, உள்ள இருக்கிற பவர் சப்ளை பெட்டிய மட்டும் உருவினேன். பச்ச ஒயரையும் ஒரு கருப்பு ஒயரையும் சேத்தா அது ஓடும்னு ஒரு வீடியோவுல பாத்திருந்தேன். மஞ்ச ஒயரெல்லாம் ஒண்ணா முறுக்கி ஆம்ப்ல ப்ளஸ்ஸுக்கு, கருப்பெல்லாம் மைனஸுக்கு. காடியில ரேடியோவப் போட்டா அது தான் ஆம்ப எழுப்பும், அதுக்குன்னு தனியா ஒரு மெல்லிசு ஒயர் வரும். வீட்டுல யாரு எழுப்புறது? ப்ளஸ்ல இருந்து ஒரு துண்டு ஒயர இழுத்து, நடுவுல ஒரு சுவிட்ச்சப் போட்டு அந்த எடத்துல குடுத்தேன். காடியில பாடின அதே பென்டிரைவ பழைய டிவிடி பிளேயர்ல சொருகினேன். பிளைவுட்ல ரெண்டு பொட்டி அடிச்சு, ஸ்பீக்கர சோபாவுக்குப் பின்னால வச்சேன். காடியில அவளுக்குப் பாட்டு தலைக்குப் பின்னால இருந்து தான் வரும். நான் ஃபிட்டர், மட்ட வேலையாச் செய்ய மாட்டேன்.

சாயங்காலம் அவள சோபாவுல உக்கார வச்சு, நான் அவளுக்கு வலது பக்கத்துல, ஓட்டுற எடத்துல உக்காந்தேன். சுவிட்ச்சத் தட்டினேன்.

தொப்.

அவ இடது கை தன்னால மேல போச்சு. இடது தோளுக்குப் பின்னால எதையோ தடவுச்சு. அரிக்குதாக்கும்னு நினைச்சேன். அப்புறம் தான் எனக்கு விளங்குச்சு. பெல்ட்டத் தேடுறா! ஐயோ கடவுளே, இவளுக்குத் தெரியுது, எங்க இருக்கோம்னு தெரியுதுன்னு எனக்கு அழுகையே வந்துடுச்சு. என் தோள்ல கெடந்த துண்ட எடுத்து அவ மார்புக்குக் குறுக்கப் போட்டு, நுனிய அவ கையில குடுத்தேன். புடிச்சுக்கிட்டு நேராப் பாத்தா. எதிர்ல சுவர் தான், காலண்டர் தான்.

அன்னிக்கு அவ பாடல. மறுநாளும் பாடல. இன்னும் சத்தம் வேணுமோன்னு ஏத்தினேன். பாத்திரம் எல்லாம் அதிர்ந்துச்சு. பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் எங்க வாசல் கேட்டுகிட்ட வந்து நின்னு, "அடா கெண்டுரி கா?"ன்னாங்க. எங்க தாமான் குடியிருப்புல இம்புட்டு சத்தம் கேட்டா விருந்து விசேஷம்னு தான் அர்த்தம், அழைக்காம விட்டுட்டமோன்னு பாக்க வந்திருக்காங்க. விஷயத்தச் சொன்னேன். "போடு, நல்லாவே போடு"ன்னு சொல்லிட்டுப் போய், தன் வீட்டு ஜன்னல எல்லாம் சாத்திக்கிட்டாங்க. அப்புறம் ஒரு நாளும் வந்து கேக்கல.

அதுக்கப்புறம் தான் ஒரு சாயங்காலம் அது நடந்துச்சு. அந்த மாத்தி மாத்திப் பாடுற பாட்டு. ஓரக்கண்ணால பாத்தேன். அவ உதடு அசையுது. ஒரு பக்கம் கோணிக்கிட்டு, ஆனா அசையுது. பொம்பள பாடுறப்பவும் அசையுது, ஆம்பள பாடுறப்பவும் அசையுது. நான் சுவரையே பாத்துக்கிட்டு இருந்தேன், ஓட்டுற மாதிரி. அன்னிக்கே மகளுக்குச் சொன்னேன். அந்தப் பக்கம் அழுதுகிட்டு இருந்துச்சு. அப்புறம், "சத்தம் வருதாப்பா? குரல் வருதா?"ன்னு கேட்டுச்சு.

அங்க தான் மாட்டினேன். குரல் வருதான்னு எப்படிக் கேக்குறது? கேக்கணும்னா பாட்டக் குறைக்கணும். குறைச்சா அவ நிறுத்திடுவா. காலங்காலமா அது தானே வழக்கம். குறைச்சப்புறம் அவ வாய்ல சத்தம் இல்லன்னா, அது குரலே இல்லாததாலயா, வெக்கத்துல நிறுத்திக்கிட்டதாலயா? எனக்கு எப்படித் தெரியும்? மக, "ஃபோன வாய்கிட்ட வச்சு ரெக்கார்ட் பண்ணுங்கப்பா"ன்னுச்சு. ஃபோனப் பாத்ததும் அவ உதட்ட மூடிக்கிட்டா, ஃபோன்லயும் பாட்டு மட்டும் தான் இருந்துச்சு. ஒரு நாள் தோள்ல கை போடுற மாதிரி போட்டு, ரெண்டு வெரல அவ தொண்டையில வச்சேன். அதிருது! துள்ளிக் குதிச்சேன். அப்புறம் சோபாவத் தொட்டுப் பாத்தேன், சோபாவும் அதிருது. கண்ணாடி டம்ளரும் அதிருது.

குறைச்சுப் பாக்க எனக்கு தைரியம் இல்ல. ஆஸ்பத்திரியில அந்தப் பொண்ணு கேட்டப்போ "பாடுறா"ன்னு சொல்லிட்டேன். அதுக்கும் கண்ணு கலங்கிடுச்சு. "எனக்கும் கேக்கணும் பக்சிக்"னு, ஒரு சோதனை அறையில உக்கார வச்சு, மெதுவாப் பாட்டுப் போட்டுப் பாத்துச்சு. இவ அந்தப் பொண்ணையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. "வெக்கம். எனக்குத் தெரியாதா, அவ அப்படித் தான்"னு நான் அடிச்சுப் பேசினேன். அது என்னை ஒரு மாதிரிப் பாத்துட்டு, தலைய மட்டும் ஆட்டுச்சு. பரிதாபப்படுறாங்கன்னா எனக்குப் புடிக்காது. அவ சக்கர நாற்காலியத் தள்ளிக்கிட்டு விறுவிறுன்னு வந்துட்டேன்.

போன வாரம் ஒரே புழுக்கம். மழையும் வராம காத்தும் வராம, சாயங்காலம் வரைக்கும் கூரை கொதிச்சுது. வழக்கம் போல சுவிட்ச்சத் தட்டினேன். தொப். அவ துண்டப் புடிச்சுக்கிட்டா. அவளுக்குப் புடிச்ச பாட்டு வந்தப்போ, இடது கையத் தூக்கி, ஏத்துங்கன்னு காட்டினா. நானும் ஏத்தினேன். இன்னும்னு கையக் காட்டுறா. இன்னும் ஏத்தினேன், அது வரைக்கும் ஏத்தாத அளவுக்கு. உதடு அசைய ஆரம்பிச்சுது. நல்லாவே அசைஞ்சுது, தலையும் லேசா ஆடுச்சு. இவ்வளவு சந்தோஷமா நான் அவள அந்த தோசைக்கு அப்புறம் பாத்ததே இல்ல.

அப்ப மேளம் ஒரு எறக்கு எறங்குச்சு. டப்புன்னு எல்லாம் நின்னுடுச்சு. ஆம்ப்ல செவப்பு விளக்கு. அந்தக் கடைக்காரன் சொன்னது தான், குடுக்க முடியல, தன்னால நின்னுக்கிச்சு.

ஹால்ல அப்படி ஒரு அமைதி. ஃபேன் சுத்துறது மட்டும் கேட்டுச்சு.

அவளுக்கு நின்னது ஒடனே பிடிபடல. பாட்டு அவளுக்குள்ள ஓடிக்கிட்டே இருந்திருக்கும் போல. உதடு அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. கண்ணு சுவரப் பாத்துக்கிட்டு, பாட்டுல அடுத்த ரெண்டு வரி, நல்லா வாயத் தொறந்து, ஒவ்வொரு வார்த்தையா. நான் அவளுக்கு ஒரு சாண் தூரத்துல உக்காந்திருக்கேன். ஒண்ணும் இல்ல. காத்துக் கூட இல்ல. அந்தத் தகர டப்பா இல்ல, முனகல் இல்ல, ஒண்ணுமே இல்ல. வெறும் வாய்.

அப்புறம் தான் அவளுக்கு ஒறச்சுது. டக்குன்னு வாய மூடிக்கிட்டா. மூஞ்சி செவந்து போச்சு. மெதுவா என் பக்கம் திரும்பினா. வலது கை தான் வராதே, துண்ட விட்டுட்டு இடது கைய ஒடம்புக்குக் குறுக்கக் கொண்டாந்து, குறி தப்பி, என் தோள்ல பட்டும் படாம ஒரு அடி. திருட்டுத்தனமாக் குறைச்சுட்டேனாம். அவ பாடினத ஒட்டுக் கேட்டுட்டேனாம். பாதி வாய்ல சிரிக்கிறா, கண்ணு என்னையே கேக்குது, கேட்டீங்களா?

"நான் ஒண்ணும் கேக்கலயே"ன்னேன்.

நம்பல. தலைய ஆட்டிச் சிரிச்சா. இன்னொரு அடி அடிச்சுட்டு, துண்டோட நுனியத் தேடி எடுத்துக்கிட்டு, ஏத்துங்கன்னு மறுபடி கையத் தூக்கினா. ஆம்ப் ஆறட்டும்னு சொல்லிட்டு நான் எழுந்து சமையக்கட்டுக்குப் போயிட்டேன்.